ஸாலனில் எக்ஸ்டென்ஷன் வேலை செய்யவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ஒரே ஸ்டைல்ஷீட், ஒரே எக்ஸ்எம்எல் கோப்பு. ஒரு சர்வரில் ஓடுகிறது, இன்னொன்றில் நின்றுவிடுகிறது. ஜாவாவில் எக்ஸ்எஸ்எல்டி 1.0 (எக்ஸ்எம்எல்லை வேறு வடிவத்துக்கு மாற்றும் மொழி) ஸ்டைல்ஷீட்டுகளைப் பராமரிப்பவர்களுக்கு இது பழகிய தொல்லை. எக்ஸ்டென்ஷன் ஃபங்ஷனை, அதாவது ஸ்டைல்ஷீட்டிலிருந்து அழைக்கும் ஜாவா மெத்தடை, எழுதியவர் மீது பழி விழும். உண்மையில் மாறியிருப்பது பெரும்பாலும் அதை ஓட்டும் ப்ராசஸர்.

ஜாவாவில் எக்ஸ்எஸ்எல்டியை ஓட்டும் லைப்ரரியான அப்பாச்சி ஸாலனுக்குள் இரண்டு ப்ராசஸர்கள் இருக்கின்றன. இன்டர்ப்ரிடிவ் என்பது ஸ்டைல்ஷீட்டை ஓட்டும்போதே படித்துச் செல்கிறது. எக்ஸ்டென்ஷன் அழைப்பு வரும் கணத்தில்தான் ஜாவா மெத்தடைத் தேடுகிறது. எக்ஸ்எஸ்எல்டிசி என்பது ஸ்டைல்ஷீட்டை ஜாவா பைட்கோடாகக் கம்பைல் செய்கிறது. எந்த கிளாஸ், எந்த மெத்தட், எந்த டைப் என்பதையெல்லாம் உள்ளீட்டுக் கோப்பைத் தொடுவதற்கு முன்பே முடிவு செய்துவிடுகிறது. ஜாவாவின் நிறுவல் தொகுப்பான ஜேடிகே 1.4 உடன் வந்தது இன்டர்ப்ரிடிவ். ஜேடிகே 5 முதல் உள்ளே இருப்பது எக்ஸ்எஸ்எல்டிசி. கீழே உள்ள அறிகுறிகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து முளைப்பவை.

எந்தப் பிழையானாலும் முதலில் இதைப் பாருங்கள்: எது ஓடுகிறது?

இதை உறுதி செய்யாமல் கோடில் கை வைக்காதீர்கள். மூன்று சோதனைகள் போதும்.

1. ஸ்டைல்ஷீட்டுக்குள் ஒரு வேல்யூ-ஆஃப் வைத்து, சிஸ்டம்-ப்ராப்பர்ட்டி ஃபங்ஷனில் 'எக்ஸ்எஸ்எல்:வென்டர்' கேளுங்கள். "அப்பாச்சி சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன்" என்று மட்டும் வந்தால் இன்டர்ப்ரிடிவ். அதன் பின்னால் அடைப்புக்குறிக்குள் "ஸாலன் எக்ஸ்எஸ்எல்டிசி" என்று வந்தால் கம்பைல் செய்யும் ப்ராசஸர். சாக்ஸனிக்கா பெயர் வந்தால் சாக்ஸன் என்ற வேறு ப்ராசஸரின் ஜார் கிளாஸ்பாத்தில் புகுந்திருக்கிறது; கீழே உள்ள எதையும் தொடுவதற்கு முன் அதைத் தீர்க்க வேண்டும்.

2. ஸ்டைல்ஷீட் கம்பைலே ஆகாத நிலையில் முதல் சோதனை உதவாது. அப்போது ஜாவா கட்டளையில் 'ஜேஏஎக்ஸ்பி.டீபக்=1' என்ற சிஸ்டம் ப்ராப்பர்ட்டியைச் சேர்த்து ஓட்டுங்கள். ஃபேக்டரியை (ப்ராசஸரை உருவாக்கித் தரும் கிளாஸை) எங்கே தேடினோம், எதை எடுத்தோம் என்பதை ஜேடிகே தானே அச்சிடும். கோடைத் திருத்த முடியுமென்றால் ட்ரான்ஸ்ஃபார்மர்ஃபேக்டரி ஆப்ஜெக்ட்டின் கிளாஸ் பெயரை லாகில் எழுதுங்கள். பெயரில் 'இன்டர்னல்' இருந்தால் ஜேடிகேவுக்குள் இருப்பது. 'ஸாலன்.ப்ராசஸர்' என்று இருந்தால் ஜாரிலிருந்து வரும் இன்டர்ப்ரிடிவ். 'இன்டர்னல்' இல்லாமல் 'எக்ஸ்எஸ்எல்டிசி.ட்ராக்ஸ்' இருந்தால் ஜாரிலிருந்து வரும் எக்ஸ்எஸ்எல்டிசி. பெயர் 'ஸ்மார்ட்' என்று தொடங்கினால் கவனம் தேவை: அந்த ஃபேக்டரி நியூடெம்ப்ளேட்ஸ் அழைப்புக்கு எக்ஸ்எஸ்எல்டிசியையும், நேரடி நியூட்ரான்ஸ்ஃபார்மர் அழைப்புக்கு இன்டர்ப்ரிடிவையும் கொடுக்கும். ஒரே நிரலில் ஓரிடத்தில் ஓடி, ஓரிடத்தில் உடைவது இதனால்தான்.

3. ஸாலனின் 'ப்ராசஸ்' கிளாஸைக் கட்டளை வரியில் இரண்டு முறை ஓட்டுங்கள்: ஒருமுறை சும்மா, ஒருமுறை '-எக்ஸ்எஸ்எல்டிசி' சேர்த்து. இரண்டிலும் ஒரே பிழை என்றால் தவறு ஸ்டைல்ஷீட்டிலோ உங்கள் ஜாவா கிளாஸிலோ. ஒன்றில் மட்டும் என்றால் ப்ராசஸர் வேறுபாடு. எந்த ஜார், எந்தப் பதிப்பு என்ற குழப்பம் இருந்தால் ஸாலனிலேயே உள்ள 'என்விரான்மென்ட்செக்' கிளாஸை அதே கிளாஸ்பாத்தில் ஓட்டினால் பட்டியல் கிடைக்கும்.

ஃபேக்டரி தேடும் வரிசை: முதலில் சிஸ்டம் ப்ராப்பர்ட்டி, அடுத்து ஜேடிகேவின் ஜேஏஎக்ஸ்பி (ஜாவாவின் எக்ஸ்எம்எல் இடைமுகம்) ப்ராப்பர்ட்டீஸ் கோப்பு, பிறகு ஜார்களின் மெட்டா-இன்ஃப் சர்வீசஸ் கோப்பு, கடைசியாக ஜேடிகேவின் சொந்த ஃபேக்டரி. புதிதாகச் சேர்த்த ஏதோ ஒரு லைப்ரரி தன்னோடு ஒரு ஜாரை இழுத்துவந்தால் மூன்றாவது படியில் எல்லாம் மாறிவிடும். இதைத் தற்செயலுக்கு விடாதீர்கள். நியூஇன்ஸ்டன்ஸ் அழைப்பில் ஃபேக்டரியின் முழுக் கிளாஸ் பெயரையே கொடுங்கள்; ஜேடிகேவில் இருப்பதுதான் வேண்டும் என்றால் ஜேடிகே 9 முதல் நியூடீஃபால்ட்இன்ஸ்டன்ஸ் இருக்கிறது. இந்த ஒரு வரி சேமிக்கும் நேரம் அதிகம்.

அறிகுறி: "ஸ்டைல்ஷீட்டைக் கம்பைல் செய்ய முடியவில்லை" என்று மட்டும் வருகிறது

இது எக்ஸ்எஸ்எல்டிசி தரும் முடிவுரை. காரணம் இதற்கு மேலே எங்கோ எழுதப்பட்டிருக்கும்.

உண்மையான பிழை வரிகள் எர்ரர்லிஸனருக்குப் (பிழைச் செய்திகளை வாங்கும் ஆப்ஜெக்ட்டுக்கு) போகின்றன. நீங்கள் எதுவும் பொருத்தவில்லை என்றால் அவை ஸ்டாண்டர்ட் எர்ரரில் விழும். அப்ளிகேஷன் சர்வர்களில் அது வேறு லாக் கோப்புக்குள் போய்விடும். பார்ப்பவர் கையில் எக்ஸப்ஷன் மட்டும் மிஞ்சும். முதலில் கன்சோல் லாகைத் தேடுங்கள். பிறகு எர்ரர்லிஸனரைப் பொருத்துங்கள். ட்ரான்ஸ்ஃபார்மரில் பொருத்தினால் போதாது, ஃபேக்டரியில் பொருத்த வேண்டும். கம்பைல் நடக்கும் நேரத்தில் ட்ரான்ஸ்ஃபார்மர் பிறந்தே இருக்காது. கிடைக்கும் வரியை வைத்துக் கீழே உரிய தலைப்புக்குப் போங்கள்.

அறிகுறி: "வெளி மெத்தடைக் காணவில்லை (பப்ளிக் ஆக இருக்க வேண்டும்)" அல்லது "கிளாஸைக் காணவில்லை"

காசில்லாத காரணங்களிலிருந்து தொடங்குங்கள்.

நேம்ஸ்பேஸ் எழுத்துப்பிழை. 'ஸாலன்://' என்று தொடங்கி முழுக் கிளாஸ் பெயரைத் தருவது ஒரு வடிவம். அப்பாச்சியின் 'ஸாலன்/ஜாவா' முகவரியை நேம்ஸ்பேஸாக வைத்து, ஃபங்ஷன் பெயருக்குள் பேக்கேஜ், கிளாஸ், மெத்தட் என்று முழுவதையும் புள்ளியிட்டு எழுதுவது இன்னொரு வடிவம். இரண்டையும் பாதிப் பாதி கலந்தால் தேடல் தோற்கும். இரண்டு ப்ராசஸரும் முதல் வடிவத்தை ஏற்கின்றன. அதையே எங்கும் பின்பற்றுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசத்தையும் பாருங்கள்.

கிளாஸ், மெத்தட் இரண்டும் பப்ளிக்கா? கிளாஸ் பேக்கேஜுக்குள் மட்டும் தெரிவதாக இருந்து, மெத்தட் மட்டும் பப்ளிக் என்றால் அது போதாது.

ஆர்கியுமென்ட் எண்ணிக்கை. மெத்தட் இருக்கிறது, ஆனால் மூன்று ஆர்கியுமென்ட் கேட்கிறது, ஸ்டைல்ஷீட் இரண்டு தருகிறது என்றாலும் பெரும்பாலும் இதே "காணவில்லை" செய்திதான் வரும்.

இன்டர்ப்ரிடிவில் ஓடி எக்ஸ்எஸ்எல்டிசியில் மட்டும் காணவில்லை என்றால், ஜாவா மெத்தடின் முதல் ஆர்கியுமென்டைப் பாருங்கள். அது 'எக்ஸ்ப்ரஷன்கான்டெக்ஸ்ட்' டைப்பாக இருந்தால் காரணம் கிடைத்தது. இன்டர்ப்ரிடிவ் அந்த ஆர்கியுமென்டைத் தானாக நிரப்பித் தரும். ஸ்டைல்ஷீட்டில் எழுதத் தேவையில்லை. எக்ஸ்எஸ்எல்டிசி அப்படி எதையும் நிரப்பாது. ஆகவே எண்ணிக்கையில் ஒன்று குறைகிறது. தீர்வு: தேவையான நோடை ஸ்டைல்ஷீட்டிலிருந்தே, '.' என்ற புள்ளியாக, ஆர்கியுமென்டாக அனுப்புங்கள், மெத்தடில் அந்த கான்டெக்ஸ்ட் ஆர்கியுமென்டை நீக்குங்கள். மாற்றிய வடிவம் இரண்டிலும் ஓடும்.

ஸாலன் ஜாருக்குள் இருக்கும் லைப்ரரி கிளாஸை நேரடியாகப் பெயர் சொல்லி அழைத்திருக்கிறீர்களா? ஜேடிகேவுக்குள் உள்ள நகலில் பேக்கேஜ் பெயர்கள் 'காம்.சன்' என்று தொடங்கி நடுவில் 'இன்டர்னல்' சேர்ந்து மாறியிருக்கின்றன. ஜாரை நீக்கிய நாளில் அழைப்பு உடைவது இயற்கை. அந்த 'இன்டர்னல்' பெயரை எழுதி ஒட்டுப்போடாதீர்கள். ஜேடிகே 9 முதல் அந்தப் பேக்கேஜுகள் வெளிக்குத் திறந்தவை அல்ல. அதே வேலைக்கு எக்ஸ்எஸ்எல்டி சமூகத்தின் பொது நீட்சியான இஎக்ஸ்எஸ்எல்டியின் ஃபங்ஷன் இருந்தால் அதற்கு மாறுங்கள்.

இவ்வளவும் சரியென்றால் கிளாஸ்லோடர். எக்ஸ்எஸ்எல்டிசிக்கு எக்ஸ்டென்ஷன் கிளாஸ் கம்பைல் நேரத்திலேயே கண்ணில் பட வேண்டும். பில்ட் கணினியில் டிரான்ஸ்லெட்டை (ஸ்டைல்ஷீட்டைக் கம்பைல் செய்து கிடைக்கும் ஜாவா கிளாஸை) தயாரித்து, புரொடக்ஷனில் ஓட்டுபவர்கள் இரண்டு இடத்திலும் ஜாரை வைக்க வேண்டும். வெப் அப்ளிகேஷனில் ஸாலன் ஜார் சர்வரின் பொது லிப் அடைவிலும், உங்கள் கிளாஸ் வார் கோப்புக்குள்ளும் இருந்தால் ஒன்றுக்கொன்று தெரியாமல் போகலாம். அழைப்புக்கு முன் த்ரெட் கான்டெக்ஸ்ட் கிளாஸ்லோடரை உங்கள் அப்ளிகேஷனுடையதாக வைத்து, முடிந்ததும் பழையதைத் திருப்பி வைத்துப் பாருங்கள். அதில் சரியானால் நோய் தெரிந்துவிட்டது. ஜாவா மாட்யூல்களாகப் பிரித்த அப்ளிகேஷன் என்றால், எக்ஸ்டென்ஷன் கிளாஸின் பேக்கேஜை மாட்யூல்-இன்ஃபோவில் எக்ஸ்போர்ட் செய்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

வல்லுநரை அழைக்கும் கட்டம்: கான்டெக்ஸ்ட் கிளாஸ்லோடர் மாற்றியும் தீரவில்லை, ஒரே சர்வரில் பல அப்ளிகேஷன்கள் ஒரே ஸாலன் ஜாரைப் பகிர்கின்றன என்றால் சர்வர் நிர்வாகியைக் கூப்பிடுங்கள். பொது லிப்பில் நீங்களாக ஜாரை மாற்றிவைத்தால் பக்கத்து அப்ளிகேஷன் உடையும்.

அறிகுறி: "ஸ்டாட்டிக் அல்லாத ஜாவா ஃபங்ஷனின் முதல் ஆர்கியுமென்ட் சரியான ஆப்ஜெக்ட் அல்ல"

மெத்தட் கிடைத்துவிட்டது, ஆனால் எந்த ஆப்ஜெக்ட்டின் மீது அதை அழைப்பது என்று தெரியவில்லை. மெத்தட் தன் நிலையில் எதையும் வைத்துக்கொள்ளவில்லை என்றால் 'ஸ்டாட்டிக்' என்ற ஒரு சொல்லைச் சேருங்கள், வேலை முடிந்தது. ஆப்ஜெக்ட் கட்டாயம் என்றால், 'நியூ' அழைப்பால் ஆப்ஜெக்ட்டை உருவாக்கி ஒரு வேரியபிளில் வையுங்கள். ஒவ்வொரு மெத்தட் அழைப்பிலும் அந்த வேரியபிளை முதல் ஆர்கியுமென்டாகக் கொடுங்கள். வேரியபிளை 'செலக்ட்' அட்ரிபியூட்டால்தான் நிரப்ப வேண்டும். உள்ளே வேல்யூ-ஆஃப் வைத்து நிரப்பினால் ஆப்ஜெக்ட் எழுத்தாக மாறி, ரிசல்ட் ட்ரீயாக (தற்காலிக மரமாக) உறைந்துவிடும். மறுபடி இதே பிழை.

அறிகுறி: "ஆர்கியுமென்ட் அல்லது ரிட்டர்ன் டைப்பை மாற்ற முடியவில்லை", அல்லது தவறான மெத்தட் ஓடுகிறது

அதிக நேரத்தைத் தின்பது இதுதான், ஏனென்றால் சில சமயம் பிழையே வராமல் தவறான பதில் வரும்.

ஒரே பெயரில், ஒரே ஆர்கியுமென்ட் எண்ணிக்கையில் இரண்டு மெத்தட்கள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். 'ஃபார்மட்' என்று ஒன்று ஸ்ட்ரிங் வாங்குகிறது, இன்னொன்று டபுள் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்டர்ப்ரிடிவ் ஓடும் நேரத்தில் கையில் இருக்கும் மதிப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும். எக்ஸ்எஸ்எல்டிசி கம்பைல் நேரத்தில் எக்ஸ்பாத் எக்ஸ்ப்ரஷனின் டைப்பை வைத்துத் தேர்ந்தெடுக்கும். ஜாவாவிலிருந்து செட்பாராமீட்டர் மூலம் வரும் பாராமீட்டர் என்றால் கம்பைல் நேரத்தில் அதன் டைப் யாருக்கும் தெரியாது. எக்ஸ்எஸ்எல்டிசி அதை 'ரெஃபரன்ஸ்' என்று குறித்துக்கொண்டு எந்த ஜாவா டைப்போடும் பொருந்துவதாக எடுத்துக்கொள்ளும். உண்மைச் சோதனை ஓடும்போதுதான் நடக்கும், அதற்குள் தேர்வு முடிந்திருக்கும்.

சோதனை எளிது. அழைப்பில் அந்த ஆர்கியுமென்டை ஸ்ட்ரிங்() அல்லது நம்பர்() அல்லது பூலியன்() கொண்டு சுற்றுங்கள். பிழை மறைந்தால் காரணம் இதுதான், தீர்வும் அதுவே. நிலையான தீர்வு வேண்டுமென்றால் ஜாவா பக்கத்தில் ஓவர்லோடை எடுத்துவிட்டு 'ஃபார்மட்டெக்ஸ்ட்', 'ஃபார்மட்நம்பர்' என்று தனித்தனிப் பெயர் வையுங்கள். எக்ஸ்டென்ஷன் கிளாஸில் ஓவர்லோட் வேண்டவே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

நோட்கள் சம்பந்தப்பட்டால் டைப் பட்டியலைச் சுருக்கிக்கொள்ளுங்கள். இன்டர்ப்ரிடிவ் நோட்இட்டரேட்டரையும் ஏற்கும், எக்ஸ்எஸ்எல்டிசி ஏற்காது. டபிள்யு3சி டாமின் நோட் அல்லது நோட்லிஸ்ட் என்று அறிவித்தால் இரண்டும் ஏற்கும். வாங்குவதற்கும் திருப்புவதற்கும் இதே விதி. எண்களுக்கு டபுள், எழுத்துகளுக்கு ஸ்ட்ரிங், உண்மை–பொய்க்கு பூலியன். ஹாஷ்மேப், லிஸ்ட் போன்றவற்றைத் திருப்பலாம், வேரியபிளில் வைத்து இன்னொரு ஜாவா மெத்தடுக்குக் கொடுக்கலாம். எக்ஸ்பாத்தால் அவற்றுக்குள் நுழைய முடியாது.

அறிகுறி: "ரிசல்ட் ட்ரீயை நோட்-செட்டாக மாற்ற முடியாது"

இன்டர்ப்ரிடிவில் இதே பிழை "ஆர்ட்ரீஃப்ராகை நோட்லிஸ்டாக மாற்ற இயலாது" என்ற வடிவில் வரும். எக்ஸ்எஸ்எல்டி 1.0 விதிப்படி, உள்ளடக்கத்தால் நிரப்பிய வேரியபிளுக்குள் பாத் எழுத முடியாது.

மாற்றும் ஃபங்ஷனே தேவையா என்று முதலில் கேளுங்கள். வேரியபிளுக்குள் காப்பி-ஆஃப் மட்டும் இருந்தால், அதை எடுத்துவிட்டு 'செலக்ட்' அட்ரிபியூட்டில் பாத்தை எழுதினாலே அது நோட்-செட்தான்.

தேவை என்றால் இஎக்ஸ்எஸ்எல்டி காமன் நேம்ஸ்பேஸின் 'நோட்-செட்' ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள். அதில் நடுவே இணைப்புக்கோடு (-) உண்டு. ஸாலனின் சொந்த நேம்ஸ்பேஸில் உள்ளது 'நோட்செட்', இணைப்புக்கோடு கிடையாது. மைக்ரோசாஃப்ட் நேம்ஸ்பேஸில் எழுதிய பழைய ஸ்டைல்ஷீட்டைக் கொண்டுவந்து ஓட்டினால் ஸாலனுக்கு அது புரியாது; நேம்ஸ்பேஸ் அறிவிப்பை மட்டும் மாற்றினால் போதும்.

கிளை: பிழை இல்லை, ஆனால் ஒன்றும் வரவில்லை

மாற்றிய பின் கிடைப்பது மரத்தின் ரூட் நோட். வேரியபிளுக்குள் 'வரிசைகள்' என்ற எலமென்ட், அதற்குள் பல 'வரி' என்றால் பாத் வரிசைகள்/வரி என்று இருக்க வேண்டும். நேரே வரி என்று எழுதினால் காலி. இன்னொன்று: ஸ்டைல்ஷீட்டில் டீஃபால்ட் நேம்ஸ்பேஸ் அறிவித்திருந்தால் வேரியபிளுக்குள் எழுதிய எலமென்ட்களும் அந்த நேம்ஸ்பேஸில் பிறக்கும். முன்னொட்டு இல்லாத பாத் அவற்றைப் பிடிக்காது.

மூன்றாவது காரணம் பலருக்குப் பிடிபடாது. அந்த நோட்-செட் மீது ஃபார்-ஈச் ஓட்டும்போது நடப்பு ஆவணமே மாறிவிடுகிறது. உள்ளே கீ() அழைத்தாலோ, சாய்கோட்டில் தொடங்கும் பாத் எழுதினாலோ அது தற்காலிக மரத்தில்தான் தேடும், மூல எக்ஸ்எம்எல்லில் தேடாது. மூல ஆவணத்தின் ரூட்டை வெளியே ஒரு வேரியபிளில் பிடித்துவைத்து, உள்ளே அதன்மீது ஒரு ஃபார்-ஈச் போட்டு கான்டெக்ஸ்டைத் திருப்பிய பிறகு கீ() அழையுங்கள்.

அறிகுறி: எக்ஸ்டென்ஷன் எலமென்ட் ஓடாமல் வெளியீட்டில் அப்படியே வருகிறது

ஸ்டைல்ஷீட்டின் முதல் எலமென்டில் 'எக்ஸ்டென்ஷன்-எலமென்ட்-ப்ரீஃபிக்ஸஸ்' அட்ரிபியூட்டில் அந்த முன்னொட்டு இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் ப்ராசஸர் அதைச் சாதாரண எலமென்டாக நினைத்து நகலெடுக்கும். முன்னொட்டு இருந்தும் "அறியப்படாத எக்ஸ்டென்ஷன்" என்று வந்தால் அது எக்ஸ்எஸ்எல்டிசி பேசுவது. அதற்குத் தெரிந்த எக்ஸ்டென்ஷன் எலமென்ட்கள் மிகச் சில.

கிளை: ரீடைரக்ட் எலமென்ட்

பல கோப்புகளை எழுதும் ஸ்டைல்ஷீட்டுகள் தடுக்கி விழும் இடம். எக்ஸ்எஸ்எல்டிசிக்கு 'ரைட்' மட்டும் தெரியும்; 'ஓப்பன்', 'குளோஸ்' தெரியாது. அவற்றை வைத்து எழுதியதை 'ரைட்'டாகவும், சேர்த்து எழுத வேண்டிய இடத்தில் 'அப்பெண்ட்' அட்ரிபியூட்டாகவும் மாற்றுங்கள். கோப்புப் பெயரைக் கணக்கிட இன்டர்ப்ரிடிவில் 'செலக்ட்' அட்ரிபியூட் எழுதும் பழக்கம் உண்டு. எக்ஸ்எஸ்எல்டிசி 'ஃபைல்' அட்ரிபியூட்டைக் கட்டாயமாகக் கேட்கும். 'ஃபைல்' அட்ரிபியூட்டில் நெளிவு அடைப்புக்குறிக்குள் எக்ஸ்ப்ரஷனை எழுதுங்கள்.

கோப்பு எழுதப்பட்டது, ஆனால் காணோம் என்றால்: இன்டர்ப்ரிடிவ் ஒப்பீட்டுப் பாதையை முதன்மை வெளியீட்டுக் கோப்பு இருக்கும் அடைவிலிருந்து கணக்கிடும். எக்ஸ்எஸ்எல்டிசி ஜேவிஎம் தொடங்கிய அடைவிலிருந்து கணக்கிடும். சர்வரில் அது டாம்கேட்டின் 'பின்' என்ற பெயருள்ள அடைவாகக்கூட இருக்கும். அங்கே தேடிப் பாருங்கள், கோப்புகள் குவிந்து கிடக்கலாம். முழுப் பாதையை ஒரு பாராமீட்டராக அனுப்பி முன்னால் ஒட்டுவதே வழி.

கிளை: இவாலுவேட், பைப்டாக்குமென்ட், ஸ்கிரிப்ட்

எழுத்தாகக் கிடைத்த எக்ஸ்பாத்தை ஓடும்போதே மதிப்பிடும் 'இவாலுவேட்', ஸ்டைல்ஷீட்டுகளைச் சங்கிலியாகக் கோக்கும் 'பைப்டாக்குமென்ட்', ஸாலனின் 'காம்பொனென்ட்' எலமென்டுக்குள் ஜாவாஸ்கிரிப்ட் எழுதுவது, மூன்றும் இன்டர்ப்ரிடிவுக்கு மட்டும். ஸ்கிரிப்டுக்கு அங்கேயும் ஸ்கிரிப்டை இணைக்கும் பிஎஸ்எஃப் ஜாரும் ஜாவாஸ்கிரிப்ட் இன்ஜினான ரைனோ ஜாரும் கிளாஸ்பாத்தில் வேண்டும். எக்ஸ்எஸ்எல்டிசியில் இவற்றை ஓடவைக்க முயன்று நேரத்தைச் செலவிடாதீர்கள். ஸ்கிரிப்டை ஸ்டாட்டிக் ஜாவா மெத்தடாக மாற்றுங்கள். சங்கிலியை ஜாவா கோடில் இரண்டு ட்ரான்ஸ்ஃபார்மராகக் கோத்துவிடுங்கள். 'இவாலுவேட்' தவிர்க்கவே முடியாது என்றால் ஃபேக்டரியை இன்டர்ப்ரிடிவ் என்று பெயர் சொல்லிக் கட்டுங்கள்.

அறிகுறி: ஃபங்ஷன்-அவெய்லபிள் வைத்துக் காப்பு கட்டியும் கம்பைல் உடைகிறது

"இருந்தால் அழை, இல்லாவிட்டால் மாற்று வழி" என்று எழுதுவது சரியான பழக்கம். எக்ஸ்எஸ்எல்டிசி அதை மதிக்கிறது, ஆனால் நிபந்தனைகளோடு. ஆர்கியுமென்ட் நேரடி எழுத்துச் சரமாக இருக்க வேண்டும். வேரியபிள் கொடுத்தால் பிழை. அடுத்தது நுட்பமானது: 'டெஸ்ட்' அட்ரிபியூட்டில் ஃபங்ஷன்-அவெய்லபிள் தனியாக நின்றால் அதன் பதிலைக் கம்பைல் நேரத்திலேயே கணக்கிட்டு, பொய்யான கிளையைச் சோதிக்காமல் விட்டுவிடும். அதை நாட்()-க்குள் வைத்தாலோ, அண்ட் கொண்டு வேறு வகை நிபந்தனையோடு கலந்தாலோ அந்தச் சலுகை போய்விடும். கிடைக்காத கிளாஸின் அழைப்பையும் சோதித்து நின்றுவிடும். ஆகவே சூஸ் எலமென்டின் முதல் வென்னில் ஃபங்ஷன்-அவெய்லபிளை மட்டும் எழுதுங்கள், மற்ற நிபந்தனைகளை அதற்குள் இன்னொரு இஃப்பாகப் போடுங்கள், மாற்று வழியை அதர்வைஸில் வையுங்கள். எலமென்ட்களுக்கு ஃபால்பேக் எழுதினாலே போதும்.

அறிகுறி: "செக்யூர் ப்ராசஸிங் இயங்கும்போது இந்த எக்ஸ்டென்ஷனுக்கு அனுமதி இல்லை"

செய்தி தெளிவாகவே சொல்கிறது. உங்கள் கோடில் இல்லாவிட்டாலும் நடுவில் இருக்கும் ஃபிரேம்வொர்க் அந்த ஃபீச்சரை இயக்கியிருக்கலாம்; கெட்ஃபீச்சர் அழைத்துப் பாருங்கள். ஜேடிகேவின் ப்ராசஸரில் இதற்குத் தனியாக 'எனேபிள்எக்ஸ்டென்ஷன்ஃபங்ஷன்ஸ்' என்ற அமைப்பும் உண்டு. செக்யூர் ப்ராசஸிங்கை இயக்கினால் அது தானே அணைந்துவிடும். இரண்டும் வேண்டுமென்றால் செக்யூர் ப்ராசஸிங்கை முதலிலும் இதைப் பிறகும் அமையுங்கள். ஜேடிகே பதிப்பு உயர்த்தும் ஒவ்வொரு முறையும் ஜேஏஎக்ஸ்பி ப்ராப்பர்ட்டீஸ் கோப்பில் இதன் நிலையைப் பார்த்துவிடுங்கள்.

திறக்கும் முன் ஒரே கேள்வி: ஸ்டைல்ஷீட் யாரிடமிருந்து வருகிறது? எக்ஸ்டென்ஷன் திறந்த ப்ராசஸரில் ஸ்டைல்ஷீட் எழுதுபவர் கிளாஸ்பாத்தில் உள்ள எந்த ஜாவா கிளாஸையும் அழைக்கலாம். ரன்டைம் கிளாஸ் வழியாகச் சர்வரில் கட்டளைகளையே ஓட்டலாம். ஸ்டைல்ஷீட் உங்கள் வார் கோப்புக்குள் பூட்டியிருந்தால் திறக்கலாம். பயனர் பதிவேற்றுவது, டேட்டாபேஸில் எவரும் திருத்தக்கூடியது என்றால் திறக்கவே கூடாது; பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் போங்கள், இங்கே சுயமுடிவு வேண்டாம். ஜாராக ஸாலன் வைத்திருப்பவர்கள் பதிப்பையும் பாருங்கள்: செக்யூர் ப்ராசஸிங்கையே தாண்டவிட்ட சிவிஇ-2014-0107 ஓட்டை 2.7.2இல்தான் அடைபட்டது, எக்ஸ்எஸ்எல்டிசியின் பைட்கோட் உருவாக்கத்தில் இருந்த சிவிஇ-2022-34169 ஓட்டை 2.7.3இல் அடைபட்டது. அதற்கும் பழையது என்றால் மற்றதெல்லாம் பிறகு.

அறிகுறி: பிழை இல்லை, ஆனால் எக்ஸ்டென்ஷன் ஓடிய சுவடே இல்லை

லாக் எழுதவோ கவுண்டரை ஏற்றவோ ஒரு ஜாவா மெத்தடை வேரியபிளின் 'செலக்ட்'டில் அழைத்துவிட்டு, அந்த வேரியபிளை எங்கும் பயன்படுத்தாமல் விட்டிருக்கிறீர்களா? எக்ஸ்எஸ்எல்டிசி யாரும் கேட்காத வேரியபிளுக்குக் கோடே உருவாக்காது. மெத்தட் அழைக்கப்படவே இல்லை. வேல்யூ-ஆஃப்பில் அழையுங்கள், மெத்தட் காலி ஸ்ட்ரிங் திருப்பினால் வெளியீட்டில் எதுவும் தெரியாது. ஆனாலும் வரிசை எண் கொடுப்பது போன்ற வேலைகளை எக்ஸ்டென்ஷனின் பக்கவிளைவை நம்பி எழுதாதீர்கள். பொசிஷன்(), எக்ஸ்எஸ்எல்:நம்பர் இருக்கின்றன. ஸ்டாட்டிக் மாறியில் கவுண்டர் வைத்தால் இரண்டு த்ரெட் ஒரே நேரத்தில் ஓடும்போது எண்கள் கலந்துவிடும். டெம்ப்ளேட்ஸ் ஆப்ஜெக்ட்டை த்ரெட்கள் பகிரலாம். உங்கள் ஸ்டாட்டிக் மாறிக்கு அந்தக் காப்பு யாரும் தருவதில்லை.

அறிகுறி: நேற்று ஓடிய டிரான்ஸ்லெட் இன்று "அப்படி மெத்தட் இல்லை" என்கிறது

ஸ்டைல்ஷீட் மாறவில்லை, எக்ஸ்டென்ஷன் ஜார் மட்டும் புதுப்பிக்கப்பட்டது என்றால் இதுதான். டிரான்ஸ்லெட்டுக்குள் பழைய மெத்தடின் ஆர்கியுமென்ட் டைப்பும் ரிட்டர்ன் டைப்பும் பைட்கோடாகப் பதிந்திருக்கின்றன. இன்ட் திருப்பிய மெத்தடை லாங் திருப்பும்படி மாற்றினாலே போதும், உடையும். 'ஆட்டோ-டிரான்ஸ்லெட்' அமைப்பு ஸ்டைல்ஷீட்டின் நேரத்தை ஒப்பிடும். உங்கள் ஜாவா கிளாஸின் நேரத்தைப் பார்க்காது. டிரான்ஸ்லெட் கிளாஸ்களை அழித்துவிட்டு மறுபடி கம்பைல் செய்யுங்கள். பில்டில் எக்ஸ்டென்ஷன் ஜாருக்குப் பின் டிரான்ஸ்லெட் என்ற வரிசையைக் கட்டாயமாக்குங்கள்.

அறிகுறி: "மெத்தட் 64 கிலோபைட் வரம்பைத் தாண்டுகிறது" அல்லது "பிராஞ்ச் தூரம் மிக அதிகம்"

எக்ஸ்எஸ்எல்டிசிக்கு மட்டும் உரியது. ஜேவிஎம்மில் ஒரு மெத்தட் 64 கிலோபைட்டுக்கு மேல் போகக்கூடாது. சாதாரண பிராஞ்ச் தாவல் 32,767 பைட்டுக்கு மேல் போகாது. நீளமான ஒரே டெம்ப்ளேட், அதற்குள் நூற்றுக்கணக்கான வென் கிளைகள், ஒவ்வொன்றிலும் எக்ஸ்டென்ஷன் அழைப்பு என்றால் வரம்பு சீக்கிரம் வரும்.

முதலில் பெரிய டெம்ப்ளேட்டைப் பெயரிட்ட சிறு டெம்ப்ளேட்களாக உடைத்து கால்-டெம்ப்ளேட்டால் அழையுங்கள். சூஸ் ஏணியை வெவ்வேறு மேட்ச் டெம்ப்ளேட்களாகப் பிரித்து அப்ளை-டெம்ப்ளேட்ஸால் பகிர்ந்தால் கோடும் படிக்க எளிதாகும். வேறு கருவி உருவாக்கித் தந்த, கையால் திருத்த முடியாத ஸ்டைல்ஷீட் என்றால் அதற்கு மட்டும் இன்டர்ப்ரிடிவ் ஃபேக்டரியைக் கட்டுங்கள்.

அதுவும் போதாமல் சாக்ஸனுக்கு மாற நினைத்தால் செலவுக் கணக்கைப் போட்டுவிட்டு இறங்குங்கள். இலவசமான ஹோம் எடிஷன், நேம்ஸ்பேஸில் கிளாஸ் பெயர் எழுதி நேரே ஜாவா மெத்தடை அழைக்கும் முறையை ஏற்பதில்லை; அது பணம் கொடுத்து வாங்கும் பதிப்புகளில்தான். ஹோம் எடிஷனில் ஒவ்வொரு ஃபங்ஷனையும் சாக்ஸனின் எக்ஸ்டென்ஷன்ஃபங்ஷன் இன்டர்ஃபேஸில் எழுதி ப்ராசஸரில் பதிவு செய்ய வேண்டும். ஸ்டைல்ஷீட்டில் பத்து அழைப்பு என்றால் நீங்களே செய்துவிடலாம். பல ஸ்டைல்ஷீட்டுகளில் சிதறிக்கிடக்கிறது, பழைய வெளியீட்டோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும் என்றால், எக்ஸ்எஸ்எல்டி மாற்றத்தில் கைதேர்ந்த ஒருவரை ஆரம்பத்திலேயே அமர்த்துங்கள். அவரிடம் கொடுக்க, இன்று சரியாக ஓடும் உள்ளீடு–வெளியீட்டுக் கோப்புகளை இப்போதே சேகரித்து வையுங்கள்.